தவ்பாச் செய்தவனின் மூன்றாம் நாள்

திருமறை மதுவைக் குறிக்க ஆளும் 'கம்ரு' என்ற சொல்லுக்கு மூடுவது, மறைப்பது என்பதே வேர்ப்பொருள். பெண்களின் முக்காட்டைக் குறிக்கும் 'கிமார்' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். அறிவை மூடுவதெல்லாம் கம்ரு என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அந்த மூடுதல் மூளையில் எப்படி நடக்கிறது என்பதை மருத்துவ ஆய்வாளர்கள் ஓரளவு கண்டறிந்துள்ளனர். நம் வீட்டார் அதைத் தெரிந்துகொள்வது ஓர் உயிரைக் காக்க உதவலாம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தாருக்கு வெடியுப்பு புதிதல்ல. பொட்டாசியத்தோடு நைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்தது அது. அந்த நைட்ரஜனில் ஓர் அணுவும் பிராணவாயுவில் ஓர் அணுவும் மட்டும் கூடினால் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. மோட்டார் வண்டிப் புகையிலும் உள்ள இவ்வாயுவை நம் உடலே உண்டாக்கி, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் தூதனாக ஆள்கிறது என்று கண்ட மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெடிமருந்தால் செல்வம் சேர்த்தவரின் பெயரால் அந்தப் பரிசு! சுப்ஹானல்லாஹ்.

மூளையிலும் இதற்கு வேலையுண்டு. ஒரு நரம்பணு அடுத்த அணுவைத் தூண்டும்போது, அங்குள்ள நுண்ணிய வாயில் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அதனால் இவ்வாயு பிறக்கிறது. சில விநாடிகளே நிலைத்து, சேதி அனுப்பிய அணுவிடமே திரும்பிச் சென்று, கிடைத்தது என்று அறிவிக்கிறது. கற்றது மனத்தில் பதிவதில் இதற்குப் பங்குண்டு. மதுவோ அந்த வாயிலையே ஓரளவு அடைத்துவிடுகிறது. வாயுவும் குறைகிறது, சேதியும் மங்குகிறது. இரவில் தான் பேசியது காலையில் குடிகாரனுக்கு நினைவில்லாமற் போவதற்கு இது ஒரு காரணம். சொல்வது இன்னதென்று அறியும்வரை போதையில் தொழுகையை நெருங்கலாகாது என்ற ஆரம்பக் கட்டளையை இங்கே எண்ணிப் பாருங்கள்.

நாள்தோறும் குடிப்பவனின் மூளை, அடைபட்டவற்றுக்கு ஈடாக வாயில்களைப் பெருக்கிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் அத்தனையும் ஒருசேரத் திறக்கின்றன. கால்சியம் வெள்ளமாய்ப் பாய, அந்த வாயுவும் அளவுமீறி நரம்பணுவுக்கே நஞ்சாகிறது என்பது ஆய்வாளர் கருத்து. மருந்துக் கலவையில் அளவு பிசகினால் என்னவாகும் என்று இப்பகுதியாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ரமலான் பிறை கண்டதும் ஒருவன் தவ்பாச் செய்து குடியை விடுகின்றான். முதல் நாளே கை நடுங்குகிறது, வேர்க்கிறது. (அந்தக் கையோடு மருந்து செலுத்தும் அறைக்குள் போகவே கூடாது.) வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறான். பெற்ற அத்தாவையே யாரென்று கேட்கிறான். ஜின் பிடித்ததென்று வீட்டார் தாயத்துக்கு நம்மிடம் ஓடிவருகிறார்கள். ஓதித் தருகிறோம், ஆனால் முதலில் 108-ஐ அழையுங்கள். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகக்கூடிய நோய் இது.

வேறு சிலர், விட்டதால்தானே வந்தது, கொஞ்சம் ஊற்றிக் கொடு என்று பாட்டிலை நீட்டுகிறார்கள். இவர்கள் ஜின்னைவிடப் பொல்லாதவர்கள்! மருந்துக்காகத்தான் தயாரிக்கிறேன் என்ற தாரிக் இப்னு ஸுவைத் (ரலி) அவர்களிடம், அது மருந்தல்ல, நோய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மருத்துவர்கள் தருவதும் மதுவல்ல. நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரையும் உயிர்ச்சத்து பி1-உம் கொடுத்து, மாத்திரையைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். ஆகவே நெடுங்காலம் குடித்தவன் தவ்பாவைத் தள்ளிப்போட வேண்டாம். விடும் அன்றே மருத்துவரிடமும் போகட்டும். விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டுள்ளது.

பகலில் மாத்திரை விழுங்கினால் நோன்பு என்னாவது என்று கேட்பீர்கள். நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்க, ஸூரத்துல் பகராவில் சலுகை உண்டு. உடல் தேறியபின் களாச் செய்தால் போதும்; கஃப்பாரா இல்லை. ஜமாஅத்தாருக்குத் தெரிந்துவிடுமே என்றஞ்சி அவனை அறைக்குள் பூட்டிவைக்காதீர்கள்.