மூன்றாமவருக்கு ஒரு வரி

சில வருடங்களுக்கு முன், பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் நானும் சேர்ந்து சாதாரண தர விஞ்ஞானப் பாடத்துக்குக் குறிப்புகள் தயாரித்தோம். முதல் இரண்டு கிழமையும் இருவருமே நல்ல கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தோம். பிறகு ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டோம்: அவரவர் கொண்டுவந்தது அவரவருடையது, சேர்ந்து எழுதியது இருவருக்கும் உரியது, வெளியாருக்குக் கொடுப்பதில்லை. அடுத்த நாளே நல்ல கொப்பிகள் மேசைக்கு வந்தன. ஒப்பந்தம் என்பது நம்பிக்கையீனத்தின் அடையாளம் என்று நினைத்திருந்த எனக்கு அது ஒரு பாடம்.

பெரிய கம்பனிகள் கூட்டாக ஆய்வு செய்யும்போதும் இதுதான் நடக்கிறது. அரிசி மூடையென்றால் கொடுத்ததைத் திருப்பி வாங்கலாம். அறிவை ஒருமுறை காட்டிவிட்டால் மீட்க முடியாது. ஆகவே, எது யாருடையது என்று எழுதப்படும்வரை விஞ்ஞானியும் வாய் திறப்பதில்லை. ஜேர்மனியின் பயோன்டெக்கும் அமெரிக்காவின் பைஸரும் 2018 ஓகஸ்டில் எம்.ஆர்.என்.ஏ. முறையிலான இன்புளுவென்சாத் தடுப்பூசிக்காக ஒப்பந்தம் செய்திருந்தன. கொவிட் பரவியபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2020 மார்ச் 17 இல், உடனே சேர்ந்து வேலை தொடங்க இடமளிக்கும் ஓர் உடன்படிக்கையை அறிவித்தார்கள். பணக் கணக்கு ஏப்ரல் 9 இல்தான் வெளியானது: பங்கு முதலீடு உட்பட முற்பணம் 18.5 கோடி டொலர். ஆய்வுச் செலவு சரிபாதி. டிசம்பர் 2 இல் பிரித்தானியா அனுமதி வழங்கியது. எங்கள் ஊரில் மூன்றாவது ஊசியாக என் கையில் ஏறியதும் அதுதான்.

இவ்வளவில் நிறுத்தினால் ஒப்பந்தத்தைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். ஆனால், இருவருக்கிடையில் கதவைத் திறக்கும் வரியே மூன்றாமவருக்கு மதிலாகிவிடுகிறது. 2021 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனம், இந்தத் தொழில்நுட்பத்தை வறிய நாடுகளுக்குக் கற்பிக்கும் மையமொன்றைத் தென்னாபிரிக்காவில் அறிவித்தது. அங்கே கேப் டவுனிலுள்ள அப்ரிஜென் நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுக்க பைஸரோ பயோன்டெக்கோ மொடர்னாவோ முன்வரவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் காப்புரிமையை வைத்துத் தடுக்க மாட்டோம் என்று மொடர்னா 2020 ஒக்டோபரில் சொல்லியிருந்தது உண்மை. ஆனால் காப்புரிமை சமையல் குறிப்பு மாதிரி. கைப்பக்குவம் அதில் இல்லை. பகிரங்கமாகக் கிடைத்த மொடர்னா ஊசியின் மரபணு வரிசையை வைத்துக்கொண்டு, 2022 பெப்ரவரியளவில் அப்ரிஜென் ஆய்வுகூட அளவில் ஒன்றைத் தானாகவே செய்து முடித்தது.

கம்பனிகள் வாக்கு மீறவில்லை. நானும் மீறவில்லை. பின்தங்கிய பாடசாலையொன்றின் ஆசிரியை எங்கள் குறிப்பைப் போட்டோப் பிரதி எடுக்கக் கேட்டு வந்தபோது, "மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர், நாங்க ரெண்டு பேரும் எழுதிக்கொண்டது அப்படி" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பஸ்ஸுக்குப் போனார்.

கொடுத்த வாக்கைக் காப்பது அமானிதம். எப்படிப்பட்ட வாக்கைக் கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே யோசிப்பதும் அதில் அடங்காதா? எழுதி முடித்த பிறகு, கேட்டு வருபவருக்கு இரங்க ஒப்பந்தம் இடம் தராது, எழுதும்போது தரும். மேசையில் இல்லாதவருக்காக ஒரு வரியை நாங்கள் அன்றே எழுதியிருக்கலாம்.

அந்தக் கடதாசி இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது. நண்பரோடு பேசி அந்த வரியைப் பின்னர் சேர்த்தோம். அதற்குள் அந்த ஆசிரியை மாற்றலாகிப் போயிருந்தார்.