தீங்கற்ற அறிவும் அதன் கடனும்

திமிங்கிலத்தின் உடலைப் பற்றி மனிதன் நெடுங்காலமாக அறிந்தவற்றுட் பெரும்பாலானவை இறந்த திமிங்கிலத்திடமிருந்து பெறப்பட்டவையே. 1925ஆம் ஆண்டு தென் ஜோர்ஜியாத் தீவில் பிரித்தானிய ஆய்வாளர் தம் பணியைத் தொடங்கியபோது, அவர்களது ஆய்வுகூடம் வேட்டை நிலையமொன்றின் அருகிலேயே அமைந்தது. வேட்டைக்காரர் கரைக்கு இழுத்துவந்த உடல்களையே அவர்கள் அளந்தனர். வணிக வேட்டைக்குத் தடை வந்த பின்னரும் ஆராய்ச்சியின் பேரால் வேட்டை தொடர்ந்தது. அந்தாட்டிக் கடலில் யப்பான் நடத்திய வேட்டைத் திட்டம் விஞ்ஞான ஆராய்ச்சிக்கானது என ஏற்கத்தக்கதன்று என்று சர்வதேச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம், கனடாவின் வன்கூவர் தீவை அண்டிய கடலில், தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு விமானமொன்று ஓர்க்காத் திமிங்கிலங்களின் மேலே முப்பது மீற்றருக்கும் கூடிய உயரத்திற் பறந்து படமெடுத்தது. அவை அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. விமானத்தின் உயரம் தெரியுமாதலின் படத்திலிருந்தே உடலின் நீள அகலங்களைக் கணிக்கலாம். கருவுற்ற திமிங்கிலத்தின் அகன்ற உடலும், பட்டினியால் மெலிந்ததன் தலைக்குப் பின்னே கொழுப்புக் கரைந்து கழுத்துப் போல ஒடுங்கிய தோற்றமும் அதில் வெளிப்படையாகத் தெரியும். வேறு ஆய்வாளர் திமிங்கிலம் வெளிவிடும் மூச்சினூடே இத்தகைய விமானத்தைச் செலுத்தி, அத்துளிகளிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்கின்றனர். இது திமிங்கிலத்தின் தனிமையைக் குலைப்பதாகாதா என வினவுவோரும் உளர். ஈட்டி எறிந்த காலத்தை எண்ணுமிடத்து அவ்வினா அத்துணைப் பெரிதன்று.

பெரிய வினா வேறு. வள்ளுவர் இன்னாசெய்யாமையை ஓர் அதிகாரமாகவும் அருளுடைமையை மற்றோர் அதிகாரமாகவும் வகுத்தார். ஒன்று மற்றொன்றுள் அடங்குமாயின் இரண்டு வேண்டியதில்லை. விமானம் முதலாவதை நிறைவு செய்கின்றது. தீங்கின்றி அறிந்தவன் அறிந்ததன் பின் எதற்குக் கடமைப்பட்டவன் என்பதை அது சொல்வதில்லை. அறியாமையைக் காரணங்காட்டி ஒதுங்கிக்கொள்ளும் வழியை மட்டும் அது அடைத்துவிடுகின்றது.

2018இல் இவ்வினா நேராகவே எழுந்தது. அமெரிக்க, கனடிய எல்லைக் கடலில் வாழும் தென்குடி ஓர்க்காக்களுள் ஜே 50 என்று குறிக்கப்பட்ட மூன்று வயதுப் பெண் குட்டி நாளுக்கு நாள் மெலிவதை வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. காட்டுவிலங்கு இயற்கைப்படியே இறக்கட்டும் என்று விட்டுவிடலாம் என்பது ஒரு வாதம். ஆயின் அம்மெலிவு இயற்கையின் செயலன்று. அவற்றின் முதன்மை இரையான சினூக் சல்மன் மீன் அணைகளாலும் மிகையான மீன்பிடியாலும் அருகிப்போயிருந்தது. எஞ்சியதைத் தேடுவதற்கும் கப்பல்களின் இரைச்சல் இடையூறாயிற்று. இவ்விடத்து ஒதுங்கிநிற்றலை நடுநிலைமை என்பது பொருந்தாது.

ஒதுங்காதவரும் இருந்தனர். மருத்துவர் எறியூசி மூலம் மருந்தைச் செலுத்தினர். லும்மி என்னும் பூர்வகுடியினர் படகிலிருந்து உயிருள்ள சல்மனை அதன் முன்னே விட்டனர். ஒரு குட்டிக்கு ஒரு படகிலிருந்து உணவூட்டுவது எளிது; ஆற்றை மீன்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு மின்சாரம், நீர்ப்பாசனம், மீன்பிடி ஆகியவற்றால் வாழ்வோர் பலர் இழப்பை ஏற்கவேண்டும். படங்கள் கேட்டது இரண்டாவதையே. செப்டெம்பரில் ஜே 50 காணாமற்போயிற்று; அக்குடியின் தொகை 74 ஆகக் குறைந்தது.