"இன்னும் வாடகை வீட்டிலயோ?"

ரொறன்ரோவில் யாழ்ப்பாணத் தீவகத்தார் கூடும் கலியாண மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் வருகிற கேள்வி ஒன்று உண்டு: "வீடு வேண்டீட்டியளோ?" இல்லை என்று தலையாட்டினால் அடுத்தது தயாராக நிற்கும்: "இன்னும் வாடகை வீட்டிலயோ?" கேட்பவர் நாரந்தனைக்காரராகவோ கரம்பொன்காரராகவோ இருப்பார். அக்கறையில்தான் கேட்கிறார். கனடாவுக்கு வந்து சில வருடமே ஆன இளம் குடும்பத்துக்கோ அது பரீட்சைப் பெறுபேறு விசாரிப்பதுபோலக் காதில் விழும்.

ஊரில் ஒருகாலமும் வாடகை வெட்கமாக இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

நாரந்தனை வேலணைத் தீவில் இருக்கிறது. மழையை நம்பிய வயல், பனை, கடல். இவை மட்டும் ஒரு குடும்பத்தைக் கரைசேர்க்கப் போதாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் கிளாக்கர்களாக இருந்தார்கள். தங்கியது அரசாங்கக் குவாட்டர்ஸில். தீவகத்தார் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை போட்டார்கள். கடையின் பின்பக்கமே படுக்கை, கட்டடம் வேறொருவருடையது. மிச்சம் பிடித்த காசு ஊருக்கு வந்து கல்வீடாகவும் கட்டுக்கிணறாகவும் எழும்பியது. உழைக்கிற இடத்தில் வாடகை, பிறந்த இடத்தில் வீடு. இந்த ஒழுங்கில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

ஊரில் கட்டிய அந்த வீடும் கட்டியவருக்கே தங்கியது குறைவு. ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமை சொத்தை மூன்றாக வகுக்கிறது: பரம்பரையாக வரும் முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், கலியாணத்துக்குப் பிறகு சேர்க்கும் தேடிய தேட்டம். வீடு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். தகப்பன் வெளியூரில் வாடகைக்கு இருந்து உழைத்தது பெட்டையளுக்கு ஆளுக்கொரு வீடு எழுப்பத்தான்.

இந்த ஏற்பாடு இரண்டு முனையிலும் உடைந்தது. 1983 யூலையில் தென்னிலங்கையில் தமிழரின் கடைகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதியில் இறங்கியபோது அங்கிருந்த சனம் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தது. உழைத்த இடமும் போய், வீடிருந்த இடமும் போனது. ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் முதலில் ஒதுங்கியது சென் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடிகளில். பிறகு ஸ்காபரோ; கொஞ்சம் கையில் சேர்ந்ததும் மார்க்கம், ஏஜாக்ஸ். திரும்பிப்போக வீடு இருந்தவரைக்கும் வாடகை ஒரு தற்காலிக ஏற்பாடு. அது இல்லையென்று ஆனதும் அதே வாடகை ஒரு குறையாகத் தெரியத் தொடங்கியது. வீடு வாங்கும் அவசரத்தின் வேர் இந்த இழப்பில்தான் இருக்கிறது.

அவசரத்துக்கு வழியும் கிடைத்தது. கனடாவில் மிக விலைகூடிய வீடாக இல்லாவிட்டால், விலையின் முதல் 5 இலட்சம் டொலருக்கு 5 வீதமும், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 10 வீதமும் முற்பணமாக இருந்தால் போதும். 7 இலட்சம் டொலர் வீட்டுக்கு 45,000. முற்பணம் 20 வீதத்துக்குக் குறைந்தால் கடனுக்குக் காப்புறுதி கட்ட வேண்டும் என்பதை வாங்குகிற சந்தோசத்தில் பலர் பெரிதாக எடுப்பதில்லை. சீட்டுக் காசு, மச்சான் கொடுத்த கைமாற்று, இரண்டு வேலை. எல்லாம் சேர்ந்தால் திறப்பு கைக்கு வந்துவிடும். மிச்சத்துக்கு பேஸ்மென்ற் இருக்கிறது. அங்கே குடிவருவது அநேகமாகப் புதிதாக வந்த இன்னொரு தமிழ்க் குடும்பம். மேலே இருப்பவரின் மோட்கேஜில் ஒரு பங்கைக் கீழே இருப்பவர் கட்டுகிறார்.

கீழே இருப்பவருக்குச் சட்டம் என்ன தருகிறது? ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வாய்ப்பேச்சில் கொடுத்த அறையும் வாடகை வீடுதான். கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்கலாம். அதற்கு மேல் வைப்புப் பணம் கேட்க முடியாது. வீட்டுக்காரர் தானே குடியிருக்க வேண்டுமென்றால் குறைந்தது 60 நாள் முன்னறிவித்தலும் பொதுவாக ஒரு மாத வாடகையளவு இழப்பீடும் தரவேண்டும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரருடன் பகிர்ந்தே ஆகவேண்டிய ஏற்பாடென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. "எங்கட ஆக்கள்தானே, பேப்பர் எதுக்கு" என்று நுழைபவர் அந்த அடுப்படியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மேலே இருப்பவரும் நிம்மதியாக இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடிய மத்திய வங்கியின் வட்டி, 2023 யூலையில் 5 வீதத்தில் நின்றது. அங்கே மோட்கேஜ் வட்டி பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான் உறுதி. 25 வருடத்துக்கு எடுத்த 5 இலட்சம் டொலர் கடனை 2 வீதத்தில் கட்டினால் மாதம் சுமார் 2,100 டொலர். 5 வீதத்தில் சுமார் 2,900. அந்த 800 டொலர் வித்தியாசத்தில் சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போனது.

அதே நாரந்தனையிலிருந்து சுவிசுக்குப் போனவரை யாரும் இந்தக் கேள்வியால் குடைவதில்லை. அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகைக்கு இருப்பவர்கள். வைப்புப் பணம் அதிகபட்சம் மூன்று மாத வாடகை; அதுவும் குடியிருப்பவர் பெயரிலேயே வங்கியில் கிடக்கும். சூரிச்சிலும் பேர்ணிலும் பிள்ளைகளை வாடகை வீட்டிலேயே வளர்த்து ஆளாக்கிய தமிழர்கள் எத்தனையோ பேர். ஊரும் ஒன்று, இழப்பும் ஒன்று, அக்கம்பக்கம்தான் வேறு. ஊரின் இழப்பு அவசரத்தைத் தந்தது. அதற்குக் கௌரவச் சாயம் பூசியது கனடாவின் அக்கம்பக்கம்.

ஆகவே நாலைந்து வருடம் வாடகைக்கு இருந்து, வேலை நிலைத்து, வட்டி எங்கே போகிறதென்று பார்த்து வாங்குகிறவர் ஒன்றையும் தவறவிடவில்லை. விலை ஏறலாம், இறங்கலாம். விற்பனைக்கு வீடு எந்த வருடமும் இருக்கும்.

நாரந்தனை வளவு அப்படியல்ல. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகள் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகப் பெறுபவருக்கும் விலக்கு உண்டு. கனடியப் பிரஜையாக மட்டுமே வளர்ந்த மகள் அம்மாவின் சீதனக் காணியை அம்மாவிடமிருந்து பெறலாம். கைமாறிப்போன பிறகு காசு கொடுத்து மீட்க முடியாது. போதாததற்கு, ஒருவர் அனுமதியின்றி உரித்துக்காரரைப்போலப் பத்து வருடம் தொடர்ந்து ஆண்ட காணிக்கு உரிமை கோர 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் இடம் தருகிறது.

ஸ்காபரோ வீட்டுக்காக முகவர், வங்கி, சட்டத்தரணி என்று அலைகிற குடும்பங்களில் எத்தனை பேரிடம் ஊர்க் காணியின் உறுதி கையில் இருக்கிறது? நொத்தாரிசின் பெயராவது தெரியுமா? பல வளவுகளில் கதியால் வேலி அழிந்து எல்லை மறைந்துவிட்டது. வெளிநாட்டில் வாங்குவதா வேண்டாமா என்பதை இன்னும் ஐந்து வருடம் ஆறுதலாக யோசிக்கலாம். உறுதியைத் தேடி எடுத்துப் பெயர் மாற்றுகிற வேலையைத் தள்ளிப்போட முடியாது. எந்தப் பூவரசோடு எல்லை முடிகிறதென்று காட்டத் தெரிந்தவர்கள் இப்போது எழுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.