நீலம் வரும் வரை

இணையத்தில் வாங்கிய நீர்வண்ணப் பெட்டி ஓசூர் வரை மூன்றே நாளில் வந்துவிட்டது. எங்கள் ஜவளகிரிக்குத்தான் வரவில்லை. ‘விநியோகத்துக்குப் புறப்பட்டது’ என்று கைப்பேசி நான்கு முறை சொன்னது. பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும் காலம். பொழுது சாய்ந்தபின் காட்டுச் சாலையில் பொட்டலம் சுமந்து வரும் தம்பியை அவசரப்படுத்த மனம் வரவில்லை.

ஓவியர் வான்கோ நினைவுக்கு வந்தார். 1888இல் தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து, வண்ணக் குழாய்கள் கேட்டுப் பாரிஸிலிருந்த தம்பி தியோவுக்கு எழுதிக்கொண்டே இருந்தவர் அவர். அதே கோடையில் அங்கு விளைந்த நாணலைச் சீவிப் பேனாவாக்கி, வயல்களை மையில் வரைந்து குவித்தார். அவர் கையின் உயிர்த்துடிப்பு அந்தக் கோடுகளில்தான் அதிகம் என்பேன். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மல்லப்பாடிப் பாறை ஓவியங்களும் வெறும் வெள்ளை நிறத்தில் தீட்டியவைதான்.

நீர்வண்ணம் என்பது பொடித்த நிறமும், அதைத் தாளில் பிடித்துவைக்கும் வேலம்பிசினும்தான். பெட்டிக்குக் காத்திராமல் கேழ்வரகுக் கொல்லைச் செம்மண்ணைக் கரைத்தேன். மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை வேறு பாத்திரத்துக்கு வடித்தேன். ஓரிரவில் அதில் படிந்த மெல்லிய வண்டலை உலர்த்திப் பிசின்நீரில் குழைத்தேன். அருமையான காவி! நீலத்துக்கு மட்டும் வழியில்லை. வானத்துக்கு வெறும் தாளையே விட்டேன்.

பெட்டி 11ஆம் நாள் வந்தது. அந்த வானத்தை இன்னும் தொடவில்லை.