ஏறியது யார்?

பிரான்ஸின் ஷமோனியில், 1035 மீட்டர் உயரத்திலிருந்து கேபிள் காரில் ஏறினோம். சில நிமிடங்களில் 2317 மீட்டர்! அங்கிருந்து மோந்தன்வேர் வரை மலைப்பாதையில் நடை. "நடந்து பார்த்தாதான்டா காட்சி நமக்குச் சொந்தம். கேபிள் கார் சும்மா ஓசி" என்றான் நண்பன்.

அப்படியா? அங்கே இரண்டு பெட்டிகள். இறங்கும் பெட்டியின் எடைதான் ஏறும் பெட்டியைத் தூக்க உதவுகிறது. அது திறக்கப்படும் முன், தொழிலாளர்கள் பனியில் நின்று கம்பி இழுத்தார்கள். நடைபாதையும் யாரோ வெட்டிப் போட்டதுதானே? முழங்கால் வலிக்கும் பாட்டிக்கு அந்தக் காட்சியில் பங்கில்லையா?

நடந்தால் மலையின் அளவு காலுக்குத் தெரியும். அது அறிவு, உரிமை அல்ல.

நண்பர்களே, நம்ம படிப்பும் அப்படித்தான். உழைச்சோம், சரி. எதிரே இறங்கிய பெட்டியில் நம்ம அப்பா அம்மா இருந்தாங்களே, பார்த்தோமா?