மருந்தும் ஊக்கத்தொகையும்: ஓர் அறவியல் நோக்கு

மருத்துவர் கூறும் நெறியைப் பின்பற்றுவதற்காக மக்களுக்குப் பணம் வழங்குதல் அறமாகுமா என்னும் வினாவைத் தமிழ்நாட்டு நலத்திட்டம் ஒன்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிவோன் என மருத்துவத்தை நாற்கூறாகப் பகுக்கின்றது. பொருளுதவி இவற்றுள் தனியே எண்ணப்படவில்லை. அது நோயுற்றவரின் இசைவை விலைக்கு வாங்குமாயின் கையூட்டாகும். மருந்து அவரைச் சென்றடைய வழிசெய்யுமாயின் நான்காம் கூறாகிய துணையின்பாற்படும்.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கிற்று. அத்தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. கருவுற்றதைப் பதிவு செய்தல், அரசு மருத்துவ நிலையத்தில் மகப்பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவற்றோடு அதன் தவணைகள் பிணைக்கப்பட்டன.

பணத்திற்காகச் செய்யப்படும் செயல் அறிவின் வழிப்பட்டதன்று. பணம் நின்றால் செயலும் நின்றுவிடும் என்பர் மறுப்போர். இவ்வாதம் அறியாமை ஒன்றையே தடையாகக் கொள்கின்றது. அன்றாடக் கூலி பெறும் பெண்ணுக்கு மருத்துவமனைக்குச் செல்லும் நாள் ஊதியம் இழக்கும் நாளுமாகும். இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் நிகழ்த்தப்பெற்று 2010இல் வெளிவந்த பானர்ஜி, டூஃப்லோ முதலியோரின் ஆய்வு ஈண்டு நோக்கத்தக்கது. தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்ற குழந்தைகள் வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த ஊர்களில் 6 விழுக்காடு. ஒழுங்காக முகாம் நடந்த ஊர்களில் 18 விழுக்காடு. முகாமுடன் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், நிறைவில் உணவுத் தட்டுகளும் வழங்கிய ஊர்களில் 39 விழுக்காடு. ஒரு கிலோ பருப்பு ஒரு தாயின் கொள்கையை விலைக்கு வாங்கப் போதாது. நாளை எனத் தள்ளிய பயணத்தை இன்றே மேற்கொள்ளச் செய்யப் போதுமானது.

எனினும் துணை எல்லை கடக்கும் இடமும் உண்டு. மேற்குறித்த மகப்பேறு நிதியுதவி முதல் இரு பேறுகளுக்கே என வரையறுக்கப்பட்டது. மூன்றாம் முறை கருவுற்றவளுக்கு உணவுத் தேவையோ பேற்றின் இடரோ குறைவதில்லை. அங்கே பணம் மருத்துவ நெறிக்குத் துணையாதலை விடுத்து, மக்கள்தொகைக் கொள்கைக்குரிய பரிசாக மாறிவிடுகின்றது. இவ்வாறே, வர இயலாதவளின் தவணையை நிறுத்துதலும் மிக்க தேவையுடையவளையே ஒறுப்பதாக முடியும்.

ஆகவே, ஊக்கத்தொகையின் அறத்தை அளக்க மூன்று அளவைகள் கொள்ளலாம். தொகையை மறுப்பவர்க்கும் சிகிச்சை குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும். தொகை அவர் அடையும் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும். நெறி தவறியவரிடம் தண்டனைக்கு முன்னர்க் காரணம் வினவப்படுதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்துமிடத்து அது கையூட்டன்று, துணையே எனத் துணியலாம்.