பேறுகாலச் சாவு வினைப்பயனா?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் மக்கள் வழக்கு. பேற்றில் ஒருத்தி மாண்டால், ‘அவள் விதி அவ்வளவுதான்’ என்று கூறி வீட்டார் அமைவர். விதியை மறுக்கும் நம்மவரிலும் சிலர் அதனையே ‘முன்வினைப் பயன்’ என்று வேறு பெயரால் வழங்குகின்றனர். இஃது அறமாகுமா?

மாந்தர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவனவோ என்று மோலிய சீவகன் என்னும் துறவி பகவானை வினவினான். சம்யுத்த நிகாயம் அவ்விடையைத் தெளிவாகத் தருகிறது. பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாறுதல், தகாத பேணுகை, பிறர் இழைக்கும் தீங்கு ஆகியவற்றாலும் துன்பம் வரும். வினைப்பயன் எட்டாவதாக, அவற்றோடு ஒன்றாகவே எண்ணப்படுகிறது.

பேறுகாலச் சாவின் காரணங்களும் கண்கூடானவை. நில்லாத உதிரப்போக்கு, இரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பு, பேற்றுக்குப் பின் பற்றும் நச்சுக்காய்ச்சல் ஆகியவையே தாய்மார் பலரைக் கொல்கின்றன. கருவுற்ற நாள் முதல் அழுத்தத்தை அளந்து வந்தால் வலிப்பின் அறிகுறியை முன்னரே காணலாம். உதிரப்போக்கையோ உரிய மருந்தால் தடுக்கலாம். ஆயினும் அது மறுநாள் வரை காத்திராது, இரண்டொரு மணி நேரத்திலேயே உயிரைக் கவரும்.

2018–20 ஆண்டுகளின் அரசுக் கணக்குப்படி, இலட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மாரும், கேரளத்தில் 19 தாய்மாரும் மாண்டனர். கேரளப் பெண்களெல்லாம் நல்வினையர், ஏனையோர் தீவினையர் என்று கூறத் துணிவார் யார்?

இவ்வேறுபாடு மனிதர் முயற்சியால் விளைந்தது. நம் வலியசாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது தைக்காட்டு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் 1916-இல் மேல்நாட்டிலிருந்து திரும்பி அங்குப் பணியேற்றார். வீட்டுப் பேறே வழக்கமாயிருந்த காலம் அது. அம்மையார் உள்ளூர் மருத்துவச்சியரைப் பகைக்கவில்லை. அவர்தம் மக்களுக்கே பயிற்சியளித்து அவர்களின் ஆதரவைப் பெற்றார். தம் முதற் குழந்தையையும் அம்மருத்துவமனையிலேயே ஈன்றார். நூறு சொற்பொழிவினும் அச்செயல் வலியது.

சிற்றூர்ப் பெண் மருத்துவமனைக்கு வரத் தயங்கினால், அதனை அறியாமை என்று இகழ்வது எளிது. மூத்த குழந்தையை யார் பார்ப்பது? ஒருநாட் கூலி போனால் உலை எப்படிக் கொதிக்கும்? மாமியார் இசைவாரா? அங்கே கடுஞ்சொல் கேட்க நேருமோ? அவள் எண்ணங்கள் இவை. வாசலில் நிறுத்தப்பட்டவரின் வழிவந்தோர் நம்மிற் பலர். வாசலில் தயங்குபவளின் மனத்தை நாம் அறியாவிடின் வேறு யார் அறிவர்? அவளுக்கு அறிவுரை மட்டும் போதாது, துணை வேண்டும்.

சாவு விதியாயின் நமக்குக் கடமையில்லை. விதியன்று எனின், தடுக்கக்கூடிய ஒவ்வொரு சாவிலும் நமக்கும் பங்குண்டு. முன்வினை என்னும் சொல் நமக்கு இனிப்பதற்கு இதுவே காரணம் போலும்.

ஆதலின் அன்பர்களே, தத்தம் தெருவில் கருவுற்ற சகோதரி எவரென அறிந்துகொள்வோம். பரிசோதனை நாளில் ஒருவர் உடன் செல்வோம். ஒருவர் அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வோம். பேற்று நோவால் வருந்திய பெண்ணைக் கண்டு அங்குலிமாலரே நெஞ்சுருகினார். அவர் பெயரால் வழங்கும் பரித்தத்தை நாமும் ஓதுவோம். ஆனால் வண்டியை முதலில் அழைப்போம்.